மானாம்பதிக் கிணற்றுச் சங்கு

சங்கைப் பார்த்து ஊர் சொல்வதில் ஐசக்கை மிஞ்ச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவன் உத்திரமேரூர் வீட்டுக்குத் திரும்புவதற்குள் நாலைந்து பேர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பேங்க்காரர், மருந்துக்கடைக்காரர், போட்டோகிராபர் என்று எல்லாம் கல்லுப் பைத்தியங்கள். லீவு கிடைத்தால் அரியலூர்ப் பக்கம் ஓடி, நாளெல்லாம் வெயிலில் காய்ந்து, கல்லாகிப்போன ஆதிகாலத்துச் சிப்பிகளைப் பொறுக்கிவந்து ஐசக் முன்னால் கொட்டுவார்கள். அவன் முதலில் சங்கைப் பார்க்கமாட்டான். மடிப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணைத்தான் லென்ஸில் பார்ப்பான்.

"இது பாலத்தாண்ட எடுத்தது இல்ல. ஓடைக்கு அந்தாண்ட எடுத்துட்டு இன்னாத்துக்கு மாத்தி சொல்ற?" என்பான். எடுத்தவர் திருதிருவென்று விழிப்பார்.

பிறகு சீட்டு எழுதுவான். மூன்றே வரி. என்ன, எங்கே, எடுத்தவர் யார். எங்கே என்பது தெரியாவிட்டால் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் கொல்லையில் வீசச் சொல்லிவிடுவான். பள்ளிக்கூட வாத்தியார் ஆயிற்றே, கறார் எங்கே போகும்?

அன்று எல்லோரும் போனபிறகும் ராஜாராம் மட்டும் எழுந்திருக்கவில்லை. மானாம்பதியில் நிலபுலம் உள்ளவன். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐசக்கோடு ஒரே பெஞ்சில் படித்தவன். முப்பது வருஷமாக இரண்டு பேரும் ஒரே பைக்கில் சுத்தியலும் பழைய பேப்பருமாகப் போய்க் கல் பொறுக்குகிறார்கள். ஐசக்கின் மனைவி ஷீபா வைத்த தோசை அவன் முன்னால் ஆறிப்போய்க் கிடந்தது.

"இன்னாடா, நாஷ்டா அப்படியே கீது?" என்றான் ஐசக்.

ராஜாராம் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுத்தட்டில், பஞ்சின்மேல், உள்ளங்கை அகலத்தில் ஒரு சுருள் சங்கு. கீழே சீட்டு: 'அம்மோனைட். மானாம்பதி, ராஜாராம் வீட்டுக் கிணறு. எடுத்தவர் ஐசக், 1993.' அந்த ஒரு சங்கைப் பார்க்கத்தான் நாளைக்குச் சென்னையிலிருந்து நிலவியல் பேராசிரியை தமிழ்ச்செல்வி வருகிறார். மானாம்பதியில் கடல் சங்கா என்று போனிலேயே துள்ளினாராம். ஐசக் புதுச்சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறான்.

அந்தச் சங்கைக் கிணற்று மண்மேட்டில் போட்டதே ராஜாராம்தான்.

அக்கா கல்யாணத்துக்கு அரியலூர் போனபோது ஓடையில் எடுத்தது. அந்தப் பெரிய லீவில் அவர்கள் வீட்டுக் கிணற்றை வெட்டிக்கொண்டிருந்தவர் ஐசக்கின் அப்பா தேவசகாயம். வெட்டி மேலே கொட்டிய மண்ணில் சங்கைச் செருகிவைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான் ராஜாராம். அடடா, ஐசக் போட்ட கூச்சல்! "நைனா, நம்ம ஊர்ல கடல் இருந்துக்கீது!" தேவசகாயம் கடப்பாரையைப் போட்டுவிட்டு மேலே ஏறி வந்தார். சங்கை வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஆமாம்பா, உப்பு கரிக்குது" என்றார். அது அவர் கை வேர்வை என்று ராஜாராமுக்குத் தெரியும். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று இருந்தான். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தான். ஸ்கூல் திறந்ததும் பிரேயரில் ஐசக்கைக் கூப்பிட்டுக் கை தட்டினார்கள். அதற்குமேல் எந்த வாயால் சொல்வது?

இப்போது சொல்லாவிட்டால் நாளைக்கு அந்த அம்மாள் லென்ஸை எடுப்பார். ஊருக்கெல்லாம் மண்ணைப் பார்த்துத் தீர்ப்பு சொன்ன வாத்தியாரே பொய்ச் சீட்டு எழுதினான் என்று ஆகிவிடும்.

"ஐசக்கு, அந்தச் சங்கை நாளைக்குக் காட்டாத."

"ஏன்?"

"அது நம்ம ஊரு இல்லடா. நான்தான் கொண்டாந்து போட்டேன்."

ஐசக் சிரித்தான். "சும்மா பேஜார் பண்ணாதடா." ராஜாராமின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. அலமாரியைத் திறந்து சங்கை எடுத்தான். அதன் மடிப்பு மண்ணில் மட்டும் இத்தனை வருஷமாக யாரையும் பிரஷ் வைக்க விட்டதில்லை. நம்ம ஊர் மண், அப்படியே இருக்கட்டும் என்பான். தானும் லென்ஸ் வைத்துப் பார்த்ததில்லை. இப்போது வைத்தான்.

"மஞ்ச மண்ணு. சுண்ணாம்பு கலந்து கீது. மத்தவங்க கொண்டாந்திருந்தா கண்ணை மூடிக்கினு அரியலூர்னு சொல்லியிருப்பேன்."

"தப்புதான்டா. வெளையாட்டா பண்ணது."

"வெளையாட்டு! இன்னொண்ணு கெடைக்குமான்னு மூணு நாளு நானும் அப்பாவும் அந்த மண்ணை சலிச்சிக்கினு கெடந்தோம். நீ நெழல்ல குந்திக்கினு பாத்துக்கினு இருந்த." ஐசக் சங்கை மேஜைமேல் வைத்தான். "என்னை வுடு. எங்கப்பா சாவற வரைக்கும், எம் புள்ள கடலைக் கண்டுபுடிச்சான்னு டீக்கடை டீக்கடையா சொல்லிக்கினு இருந்தாரேடா."

ராஜாராமுக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

ஷீபா உள்ளேயிருந்து வந்து ஆறிய தோசையை எடுத்துக்கொண்டு போனாள். ஐசக் பழைய சீட்டை எடுத்துக் கிழித்தான். புதுச் சீட்டையும் பேனாவையும் ராஜாராம் பக்கம் தள்ளினான்.

"அந்தம்மா வரட்டும். உள்ளதைச் சொல்லிக்கலாம். நீயே எழுது."

ராஜாராம் எழுதினான். அம்மோனைட். அரியலூர். எடுத்தவர் ராஜாராம். மூன்று வரியும் முடிந்துவிட்டது. கிணறு இல்லை, ஐசக் இல்லை, உப்பு பார்த்த தேவசகாயமும் இல்லை. அந்தச் சீட்டை அப்படியே விட அவனுக்கு மனசு வரவில்லை. கீழே நாலாவதாக ஒரு வரி சேர்த்தான். 'மானாம்பதிக் கிணற்று மண்ணில் இதன் ஜோடியைத் தேடியவர்கள்: தேவசகாயம், அவர் மகன் ஐசக். மூன்று நாள்.'

ஐசக் அதை வாங்கிப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"மூணு இல்லடா. நான் மூணாம் நாளோட வுட்டுட்டேன். அப்பா மட்டும் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குக்கூடப் போவாம தேடிக்கினு இருந்தாரு. நாலுன்னு போடு."

ராஜாராம் மூன்றை அடித்துவிட்டு நாலு என்று எழுதினான்.