பெரியப்பா பாஸ் பண்ணக் கூடாத டெஸ்ட்

இல்ல, நீங்களே சொல்லுங்க, காது கேக்காத மனுஷன் காது டெஸ்ட்ல எப்படி முழு மார்க் வாங்க முடியும்? எங்க பெரியப்பா வாங்கிட்டாரு!

பத்தொம்பது வருஷம் பட்டாளத்துல பீரங்கி பக்கத்துலயே நின்ன ஆளு. பெரியம்மா "சாப்பிட வாங்க"ன்னு கூப்பிட்டா பக்கத்து வீட்டுக்காரர்தான் எட்டிப் பாப்பாரு. கேட்டா, "எனக்கென்ன குறை? நீங்கதான் வாய்க்குள்ளயே முணுமுணுக்குறீங்க"ம்பாரு.

நான் இப்ப முன்னாள் படைவீரர் உதவி மையத்துல இருக்கேன். யாருக்கு என்ன உரிமை இருக்குன்னு எடுத்துச் சொல்றதுதான் வேலை. சேந்த முதல் வாரமே அவர் முன்னாடி போய் உக்காந்து கத்தினேன். "பெரியப்பா, வேலையில காது போயிருந்தா ஆயுசுக்கும் இலவச வைத்தியம், காது மெஷின், எல்லாம் உண்டு. டெஸ்ட்ல காது மந்தம்னு வந்தா போதும்."

"என்னைக் கையேந்தச் சொல்றியா, வாலு?"

"உங்களுக்குச் சேர வேண்டியது பெரியப்பா. பூட்ஸ் குடுத்தப்ப வேணாம்னா சொன்னீங்க?"

பெரியம்மா அவர் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னாங்க. "பேத்தி போன்ல பேசினா 'சரி, சரி'ங்குறீங்க. வச்சதும் அவ என்ன சொன்னான்னு எங்கிட்ட கேக்குறீங்க."

 மறுநாள் பெரியப்பா சட்டையை இஸ்திரி போட்டு டெஸ்ட்டுக்குக் கிளம்பிட்டாரு.

டெஸ்ட் பண்ற அக்கா கண்ணாடிக்கு அந்தப் பக்கம். ஹெட்போன்ல சத்தம் கேட்டா கையைத் தூக்கணும். இவரு விறைப்பா உக்காந்து ஒண்ணு விடாம தூக்குறாரு. ரிசல்ட் நார்மல்! இதை அனுப்பினா அவர் மனு காலி.

"எப்படி பெரியப்பா?"

"பட்டனை அமுக்குறப்ப அந்தப் பொண்ணுக்குத் தோள் லேசா அசையுது. பீரங்கி வெடிச்சா யாருக்கு என்ன கேக்கும்? அடுத்தவன் கையைப் பாத்துதான் குண்டு போடுவோம்." பெருமை வேற!

"அய்யோ, இது ஃபெயில் ஆக வேண்டிய டெஸ்ட்!"

"பட்டாளத்துல நான் எதுலயும் ஃபெயில் ஆனதில்ல."

அக்காகிட்ட விஷயத்தைச் சொல்லி, நாற்காலியைச் சுவரைப் பாக்கத் திருப்பி, மறுபடி டெஸ்ட். அக்கா அமுக்குறாங்க, அமுக்குறாங்க, அமுக்கிக்கிட்டே இருக்காங்க. பெரியப்பா கையை மடியில வச்சுக்கிட்டு, "எப்பம்மா ஆரம்பிப்பே?"ங்குறாரு. எனக்குச் சிரிப்பு வரல.

போன வாரம் மெஷின் வந்துச்சு. பேத்தி போன் பண்ணா, "ஏன்டி இப்படிக் கத்துற?"ன்னு அவளைத் திட்டுறாரு! வச்சதும் மெதுவா எங்கிட்ட, "எங்க பீரங்கி செட்டுல நாலு பேரு போன வருஷமே இந்த டெஸ்ட்ட இப்படியே பாத்துப் பாஸ் பண்ணிட்டானுங்க, வாலு"ன்னாரு.

அதான், மையத்து நோட்டீஸ்ல எல்லாத்துக்கும் மேல, 'டெஸ்ட் பண்றவங்களுக்கு முதுகு காட்டி உக்காருங்க'ன்னு பெரிய எழுத்துல போடப் போறேன். "பட்டாளத்துக்காரன் முதுகு காட்டுவானா?"ன்னு பெரியப்பா மொறைக்குறாரு. 'சுவரைப் பாத்து உக்காருங்க'ன்னு மாத்திட்டா அந்த நாலு பேரும் திரும்ப டெஸ்ட்டுக்கு வருவாங்களா? நீங்க என்ன நினைக்குறீங்க?