பன்னிரண்டாவது மசாஜர்

1

இந்தக் கதையை நான் திருடினேன். உறை மோர் வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க எதிர் குவார்ட்டர்ஸ் தமயந்தி அக்கா வீட்டுக்குப் போனபோது அலமாரி திறந்திருந்தது. உள்ளே பதினொரு பழைய மின்சார மசாஜர்கள். கறுப்புக் கைப்பிடி, நூல் சுற்றிய ஒயர், ஒன்றில் ‘வைப்ரேட்டர்’ என்று பித்தளைத் தகடு. (அந்தச் சொல்லைக் கண்டதும் உங்கள் புத்தி எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். என்னுடையதும் போயிற்று. திரும்பி வாருங்கள்.)

“முதுகுவலிம்மா,” என்றார் அக்கா, நான் கேட்காமலே. அலமாரியை மூடிய வேகத்தில் எனக்குக் கதை கிடைத்துவிட்டது.

அலமாரியும் அதில் இருந்தவையும் நிஜம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: தமயந்திக்கு இருபது வருஷமாக முதுகில்

இந்த வரியை அடித்துவிட்டேன். கேஸ் சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு போகிற பெண்ணுக்கு என்ன முதுகுவலி?

இரண்டாவது: கணவர் கருப்பசாமி ஒரு முரடர்; ஷிப்ட் முடிந்து வந்தால்

இதுவும் தேறவில்லை. சுரங்கத்தில் எலக்ட்ரீசியனாக இருக்கும் இந்த மனிதர், பலா சீசனில் பண்ருட்டியிலிருந்து முழுப் பழம் கொண்டுவந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அரிந்து, சுளைகளைத் தட்டில் வைத்து மனைவி பக்கம் நகர்த்துவார். கையில் கொடுக்க மாட்டார், நகர்த்துவார். இந்த ஒரு வார்த்தையில்தான் ஆள் எனக்குப் பிடிபட்டார்.

பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, அந்த வீட்டில் ஒருவர் கை இன்னொருவர் மேல் பட்டு வருஷங்கள் ஆகின்றன. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். விட்டுப்போனதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று தமயந்திக்குத் தெரியவில்லை.

3

அதனால் அவர் ஓடாத மசாஜராகப் பார்த்து வாங்கினார். நன்றாக ஓடுகிறது என்றால் வேண்டாம் என்பார். (விற்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.)

பழுதான மெஷின் வந்தால், கருப்பசாமி முதல் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு, ஹாலில் பேப்பர் விரித்து உட்காருவார். தமயந்தி எதிரே உட்கார்ந்து, கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு டப்பா மூடியில் வாங்கிக்கொள்வார். தலையோடு தலை முட்டுகிற தூரம். அவர் சட்டையில் கிரீஸ் வாசம், காதோரம் நரைத்த முடி. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் பதினொரு மெஷின்களும்.

ஓடத் தொடங்கியதும் கருப்பசாமி தன் தொடையில் வைத்துப் பார்ப்பார். “நல்லா ஓடுது,” என்று மனைவி பக்கம் நகர்த்திவிட்டு டிவியைப் போடுவார். தன் கடமை முடிந்தது என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

முதல் மெஷினை மட்டும் தமயந்தி தோளில் வைத்துப் பார்த்தார். உடனே அணைத்துவிட்டார். ஏக்கம் கூடியதுதான் மிச்சம்.

“இதோட போதும் தமயந்தி, அலமாரில இடமில்ல,” என்றார் கருப்பசாமி போன மாதம். அன்றைக்குத் தமயந்திக்குச் சோறு இறங்கவில்லை.

4

ஆனாலும் பண்ருட்டியில் இன்னொன்று கிடைத்தது. சுதாகர் என்பவர் தன் சலூனை ஏசி கடையாக மாற்றிக்கொண்டிருந்தார். முடிவெட்டுகிறவர் புறங்கையில் ஸ்பிரிங் வளையத்தால் மாட்டிக்கொள்ளும் பழைய மெஷின் அது. அதிர்வு கைக்குள் இறங்கி, விரல் வழியாகத்தான் எதிராளிக்குப் போகும்.

“யக்கா, இது ஓடாது. எங்கப்பா காலத்துது, சும்மா வச்சிகினு இருக்கோம்.”

“ஓடாட்டி பரவாயில்ல தம்பி.”

“அதில்லக்கா. ஓடுனாலும் ஒங்களுக்கு நீங்களே முதுவுல போட்டுக்க முடியாது. இன்னொருத்தரு கை வோணும்.”

தமயந்தி பேரமே பேசவில்லை. (பண்ருட்டிக் கடைத்தெருவில் பேரம் பேசாத பெண்ணா, யார் நம்புவார்கள் என்றாள் என் தோழி பவித்ரா. நம்ப வேண்டாம், மேலே படி என்றேன்.)

5

மறுநாள் பிற்பகல். “போதும்னு சொன்னேன்ல?” என்று முணுமுணுத்துக்கொண்டே கருப்பசாமி பிரித்தார். மோட்டாரில் தேய்ந்திருந்த கார்பன் துண்டை மாற்றினார். வலது புறங்கையில் மாட்டி சுவிட்சைப் போட்டார். தொடையில் தட்டிப் பார்த்தார்.

“நல்லா ஓடுது.”

கழற்றப் போகிறார். இங்கே தமயந்தி பேசியாக வேண்டும்.

ஒரு முடிவில் அவர் பேசவில்லை. மெஷின் அலமாரிக்குப் போகிறது. அப்படித்தான் நடந்திருக்கும். அதனாலேயே ஆத்திரம் வந்து கிழித்தேன்.

இன்னொன்றில் கருப்பசாமி தானாகவே கையை நீட்டி

அப்படிப்பட்டவராக இருந்தால் பதினொரு மெஷின் எதற்கு?

மூன்றாவதில் தமயந்தி ஒரு பக்கம் முழுக்கப் பேசினார், அச்சு அசல் என்னைப் போலவே. தூக்கிப் போட்டேன். மிஞ்சியது இதுதான்:

“கழட்டாதீங்க. எனக்கு… எட்ட மாட்டேங்குதுங்க.”

கருப்பசாமி நிமிர்ந்தார். புரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாத முகம். ஆனால் ரிமோட்டைத் தேடவில்லை.

“எங்க?” என்று கேட்டார்.

தமயந்தி திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இடத்தைச் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதை நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது, என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. உங்கள் கை எட்டாத இடம் எது என்று உங்களுக்குத் தெரியும். அவருக்காக நீங்கள் சொல்லுங்கள். மெஷின் ஓடுகிறது, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.