றுவைஸின் தோளும் ரிஸ்லாவின் கையும்

1
இந்தக் கதை நிலாவெளி பஸ்ஸில் தொடங்கியது. மணிக்கயிற்றை இழுக்க வலக்கையை உயர்த்திய கண்டக்டர் முகம் சுளித்துப் பாதியிலேயே இறக்கினார். நான் கண்டது அவ்வளவுதான். அவருக்கு றுவைஸ் என்ற பெயரும் ரிஸ்லா என்ற மனைவியும் லிங்கநகரில், என் மேசையில் பிறந்தவை.

2
முதல் தொடக்கம்: திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் சூரியன்...

(வேண்டாம். தோள் நோகிறவனுக்குச் சூரியன் எதற்கு?)

இரண்டாவது: றுவைஸ் வேலையால் வந்ததும் ரிஸ்லா எண்ணெயைச் சூடாக்கி அவன் தோளை அழுத்தி உருவுவாள்.* நாள் முழுக்க நேரமில்லாத இருவரும் அப்போதுதான் கதைப்பார்கள்.

எழுதிவிட்டு நானே கண் கலங்கினேன்.

* பிழை இந்த வரியில்தான் இருக்கிறது. அப்போது எனக்குத் தெரியாது.

3
பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் சோபனாவிடம் வாசிக்கக் கொடுத்தேன்.

“நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஆனா இந்த மனுசனுக்குச் சுகம் வராது.”

“ஏன்?”

“தோளில எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவில, உரசாமல் இருக்கச் சின்ன நீர்ப்பை ஒண்டு இருக்கு. கையைத் தூக்கித் தூக்கி அது வீங்கிப்போச்சு. அதைப் போட்டு அழுத்தினா இன்னும் கூடும். உருவுறதை நிப்பாட்டுங்கோ. ஐஸைத் துவாயில சுத்தி வைக்கட்டும். மணியை இடக்கையால இழுக்கட்டும். அதுக்காகக் கையைக் கட்டிப்போடவும் கூடாது, தோள் இறுகிடும். மெல்ல மெல்ல அசைக்கோணும்.”

(ஊசி போட்டு ஒரே நாளில் குணமாக்கலாமா என்று கேட்டேன். கதை முடிக்க வசதி. “எடுத்தவுடன ஊசியோ? அநேகம் பேருக்கு இதிலேயே மாறும்” என்றார்.)

4
என் அருமையான காட்சி போயிற்று. அதைவிட, ரிஸ்லாவிடம் யார் சொல்வது? றுவைஸைக் கொண்டே சொல்ல வைத்தேன்.

“அப்ப என்ட கையாலதான் ஒங்களுக்கு நோக்காடு கூடினதா?”

றுவைஸ் அவளைப் பார்த்து...

(இந்த வாக்கியம் ஓடவில்லை.)

அவள் எண்ணெய்ப் போத்தலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். ஐஸ் வைப்பாள், வாய் திறக்கமாட்டாள். தோள் நோவு மாறினாலும் இந்த வீட்டில் பேச்சு திரும்புமா என்று எனக்குப் பயமாக இருந்தது. பிழை என்னுடையது, நொந்தது அவள்.

5
ஒரு மாலை றுவைஸ் சுவரில் விரல்களை வைத்து மேலே ஏற்றிப் பார்த்தான். பாதியில் நின்றது.

“தனியச் செய்ய ஏலாம இருக்கு புள்ள. ஒன்ட கைய முன்னால புடி. நான் வந்து தொடுறன்.”

அவள் யோசித்தாள். பிறகு எழுந்து வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

“இந்த உயரம் காணுமா?”

“காணும். நாளைக்குக் கொஞ்சம் கூட்டு.”

விரல்கள் தொட்டன. அவள் கையை எடுக்கவில்லை.

“அது சரி, இண்டைக்கு பஸ்ஸில என்ன நடந்த?” என்று கேட்டாள்.

6
அவன் வலக்கையால் மணியடிக்கும் முடிவு ஒன்றும் எழுதி வைத்திருக்கிறேன். சேர்க்க மனமில்லை. ரிஸ்லாவின் கையை நாளைக்கு எவ்வளவு உயரத்தில் வைப்பதென்று நீங்களே பாருங்கள். மிக மேலே வேண்டாம், அவனுக்கு நோகும். மிகக் கீழேயும் வேண்டாம், அவன் உடனே தொட்டுவிடுவான், கதைக்க நேரம் இராது.