சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் லாரி புக்கிங் ஆபீஸின் வைஃபை பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும். டீக்கடைக்காரர், எதிர்வீட்டுக்காரர்கள் என்று எல்லோரும் ஓசியில் ஓட்டினார்கள். நாங்கள் பில் போடும்போது மட்டும் நெட் மக்கர் பண்ணும். கடைசியில் மேனேஜர் பொறுமையிழந்து நெட்வொர்க்காரரை வரவழைத்தார்.

வந்தவர் வேலையில் படு சுத்தம். கூரையில் புதுப் பெட்டிகளை மாட்டினார், பாஸ்வேர்டை மாற்றினார். எந்தெந்தக் கருவியை நெட்டில் சேர்க்க வேண்டும் என்று மேஜை மேஜையாகக் கேட்டார். சொல்லாதது எதுவும் இனி ஒட்டாது என்றார். பின்னாலேயே வந்த மேனேஜர், ஆபீஸ் நெட்டில் வீட்டுச் சாமானை மாட்டியவர்கள் வேலையை மறந்துவிடலாம் என்று உறுமினார். அந்த மனிதருக்கு வாயைத் திறந்தாலே மிரட்டல்தான்.

கணக்கு அக்கா கம்ப்யூட்டரையும் போனையும் மட்டும் சொன்னாள். எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் வீடு. பக்கவாதத்தில் படுத்த கணவரைத் தனியே விட்டு வருவாள். கட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா. அவர் கையை உயர்த்தினால் போனில் பார்த்துவிட்டு ஓடுவாள். அந்தக் கேமரா எங்கள் வைஃபையில் ஓடியது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

வேலை முடிந்ததும் பயந்துபோய்ப் போனைத் திறந்தாள். படம் தெரிந்தது. கேமரா தப்பித்துக்கொண்டது என்று நினைத்துவிட்டாள்.

"இன்னிக்குத்தான் மனுஷன் அசந்து தூங்குறாரு," என்று என்னிடம் நீட்டினாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. மதியமும் அவரை எழுப்ப மனமில்லாமல், வீட்டுக்குப் போகாமல் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்றுதான் அவள் நிதானமாகச் சாப்பிட்டு நான் பார்த்தேன்.

கேமராவுக்கு நெட் துண்டானபோது கடைசியாக வந்த படம் போனில் அப்படியே நின்றிருக்கிறது. சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது அவர் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். உடம்பு ஜில்லிட்டிருந்தது. அந்தக் கேமராவைப் பார்த்து எத்தனை நேரம் கையை ஆட்டினாரோ.

அக்கா வேலைக்குத் திரும்பிய வாரம், எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நெட்வொர்க்காரர் வந்தார். அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். நெட் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று மேனேஜர் பெருமையடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நெட்வொர்க்காரர் மறுபடியும் மேஜை மேஜையாக வந்தார்.

"ஏதாவது விட்டுப்போச்சாக்கா? இப்பவே சேத்துடறேன்."

அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி. இனிமே வேணாம்."