கசந்த டம்ளர்

மூத்தவளுக்கு இரத்த அழுத்தம் இருந்தது. அதைவிட அதிகமாகப் பிடிவாதம் இருந்தது. தையல் கடையில் துணி வெட்டுவது அவள், தைப்பது அவளுடைய ஓரகத்தி இளையவள். இருவருக்கும் மாதவிடாய் நின்று சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வயதுக்குப் பிறகு பெண்களுக்கும் இதயம் மக்கர் பண்ணும் என்பதை மூத்தவள் கண்ணால் பார்த்திருந்தாள். அவளுடைய கூடப்பிறந்த அக்கா துணி உலர்த்திக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. அந்தப் பயம் இவளை விடவே இல்லை.

பயந்தவள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வேண்டுமல்லவா? அங்கேதான் அவளுடைய மேதாவித்தனம் குறுக்கே வந்தது. மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்த்தார்கள். சோயாவிலிருந்து எடுத்த சத்து இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க வேண்டுமாம். பாதிப் பேருக்கு அந்தத் தூள், மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று முடியும்வரை டாக்டருக்கே தெரியாது. வழக்கமான மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் இவர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு டப்பாவைக் கொடுத்தார்கள்.

“செடி இருக்கும்போது விஷத்தை எதுக்கு முழுங்கணும்?” என்று மூத்தவள் மாத்திரைக்கு முழுக்குப் போட்டாள்.

தனக்கு வாய்த்தது மாவுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவள் ராசி அப்படி. காலையில் இளையவள் இரண்டு டம்ளரிலும் தூளைக் கலக்கி வெட்டுமேசை மேல் வைத்துவிட்டுக் கடை ஷட்டரைத் தூக்கப் போவாள். அந்த நேரம் பார்த்து மூத்தவள் டம்ளரை மாற்றிவிடுவாள். முதலில் சப்பென்றுதான் இருந்தது. பிறகு ஒரு நாள் கசந்தது பாருங்கள், அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கசந்தால் மருந்து, இதுகூடவா தெரியாது? கடைக்கு வருகிற பெண்களிடமெல்லாம் செடியின் மகிமையை அளந்தாள், நாடா இல்லாமலே.

ஆராய்ச்சி முடிந்த அன்று இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டரம்மா மூத்தவள் கையிலிருந்து பிரஷர் பார்க்கும் பட்டையைக் கழற்றினார். “பிரஷர் நல்லா அடங்கியிருக்கும்மா.”

“மாத்திரையே இல்லாம! எல்லாம் செடிதான்.”

டாக்டரம்மா திடுக்கிட்டுக் கணினியைப் பார்த்தார். “உங்களுக்குக் கொடுத்தது சோயா சத்து. இவங்களுக்கு வெறும் மாவு. ஆனா எங்க ஆராய்ச்சியில ரெண்டுக்கும் பெருசா வித்தியாசமே தெரியலையே.”

இத்தனை நாளும் மூத்தவள் திருடிக் குடித்தது மாவு.

“மாவு எப்படிடீ கசக்கும்?” வாய் தவறி வந்துவிட்டது.

இளையவள் பையின் காதைப் பிசைந்தாள். “நீங்க டம்ளரை மாத்துறது அப்பவே தெரியும்க்கா. பிரிக்காத மாத்திரை அட்டை குப்பையில கிடந்துச்சு. சொன்னாலும் கேக்க மாட்டீங்க. அதான் தினமும் ஒண்ணைப் பொடி பண்ணி என் டம்ளர்ல போட்டேன்.”

“அப்படியெல்லாம் பண்ணவே கூடாதும்மா!” என்று டாக்டரம்மா பதறினார்.

மூத்தவளுக்கு வெட்கம் வந்தது, அழுகை வந்தது, இவளுக்கு என்மேல் இவ்வளவு அக்கறையா என்று வியப்பும் வந்தது. வாயில் வந்ததென்னவோ கோபம் மட்டும்தான்.

“கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“இனிச்சிருந்தா மறுநாளே உங்க டம்ளரை எடுத்திருப்பீங்கக்கா.”