இரவல் சொம்பு

ருக்மணிக்கு இடுப்பு விறைத்துப்போயிருந்தது. மூன்று நாளாக அப்பாவைத் தூக்கி உட்காரவைத்து, படுக்கவைத்து, துணி மாற்றி வந்த வலி. இனித் தூக்க வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கு அவர் போய்விட்டார். அவள் கட்டிலோரம் குனிந்தபடியே நின்றாள். நிமிர முடியவில்லை.

"அழுதுருடி," என்றாள் பக்கத்து வீட்டுக் கண்ணம்மா அத்தை, பிணத்தின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே.

"அப்புறம் அழறேன் அத்தை."

அப்பா திருவேங்கடம் கடைசியாகக் கேட்டது தண்ணீர். ருக்மணி அலுமினிய டம்ளரை நீட்டினாள். "சொம்புல குடு," என்றார். சொம்பு இங்கே இல்லை என்று சொன்னதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். மூடிய வாயோடுதான் போனார்.

கரும்புத் தோட்டக் கூலியாக இந்தத் தீவுக்கு வந்த அவருடைய தாத்தா இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பித்தளைச் சொம்பு அது. அந்த வீட்டில் செத்த எல்லாருக்கும் கடைசித் தண்ணீர் அதில்தான். அம்மாவுக்கும் அதில்தான். போன வருஷம் சுயாக் ஊரில் பழைய சர்க்கரைக் கிடங்கை மியூசியமாக்கினார்கள். ருக்மணி அங்கே கூட்டித் துடைக்கிறாள். பொறுப்பாளர் ராமசந்திரன் வீட்டுக்கே வந்து சொம்பைக் கேட்டார். அப்பா மறுக்கவில்லை. "இரவல்தான் மிஸ்யே. என் வாய் காயறப்போ திரும்பி வந்துரணும்," என்று பிரெஞ்சு மரியாதை வைத்துச் சொன்னார்.

"மூணு மணிக்கு எடுத்துருவாங்க. இப்ப எங்கடி கிளம்பற?" என்றாள் அத்தை.

"சொம்புக்கு."

கிடங்கின் நடுவில் கரும்புத் தராசு தொங்கியது. முதல்முறை அதைப் பார்த்ததும் அப்பா துப்பப் போனார். "நாப்பது வருஷமா என் கரும்பைக் குறைச்சுச் சொன்ன கழுதை இது." தோட்டத்துக் கங்காணியான சர்தாரின் பிரம்பைப் பார்த்து, "இது புதுசு. பழசு என் முதுகுல ஒடஞ்சுபோச்சு," என்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

சொம்பின் வயிற்றில் ஒரு நெளிசல் உண்டு. முப்பத்தேழாம் வருஷத்து வேலைநிறுத்தத்தில் ஆலை வாசலில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனார் அப்பா. போலீஸ் தடி விழுந்த இடம் அது. சொம்புக்கு முன்னால் வைக்கும் அட்டையில் அதை எழுதச் சொல்லிப் பார்த்தார். "தோட்டத்து முதலாளியும் பார்க்க வருவார் ஐயா," என்றார் ராமசந்திரன். எழுதவில்லை.

இப்போது ராமசந்திரன் புதுக் கொடிக்கு ஆணி அடிக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். தீவின் சுதந்திரத்துக்கு இன்னும் ஒரு வாரம். ருக்மணி விஷயத்தைச் சொன்னாள்.

"அய்யோ. எப்போம்மா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ. நாளைக்குச் சுதந்திரக் காட்சி திறக்கிறோம். சாயங்காலத்துக்குள்ள மட்டும்..."

"கொண்டுவந்துர்றேன்."

சொம்பைத் தூக்கினாள். வரவில்லை. பலகையும் சேர்ந்து அசைந்தது.

"இழுக்காத," என்று ஓடி வந்தான் தச்சன் ரெஜிஸ். "கீழேருந்து திருகு போட்டிருக்கேன்."

அவன் மல்லாந்து படுத்துத் திருகைக் கழற்றினான். ருக்மணிக்கு இரண்டு வாரத்துக்கு முந்தைய காலை நினைவுக்கு வந்தது. இதே மேசைக்கடியில் மஞ்சளாய்ச் சுருள் சுருளாய்த் தூள் கிடந்தது. கூட்டி வாரி வெளியே கொட்டினாள். எதன் தூள் என்று அப்போது யோசிக்கவில்லை.

சொம்பின் அடியில் சுண்டுவிரல் நுழையும் துளை.

"திருட்டுப் போயிரக்கூடாதுன்னுதான்..." என்றார் ராமசந்திரன்.

"இரவல் வாங்கினதுல துளை போடலாமா மிஸ்யே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்பளிப்புன்னு பதிஞ்சிருக்கு. நான் பார்த்தேன்."

"நீங்க எழுதினதை நீங்களே பார்த்தீங்க."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பார்தோன், மன்னிச்சுரு ருக்மணி. போடச் சொன்னாங்க, போட்டேன்," என்றான் ரெஜிஸ். "மெழுகு வச்சு அடைச்சுத் தரட்டா?"

"வேணாம். விரல் இருக்கு."

வீட்டில் ரோஷ் புவா ஊரிலிருந்து தம்பி வந்திருந்தான். பாடை தயாராக இருந்தது. ருக்மணி கட்டைவிரலால் துளையை அழுத்திக்கொண்டாள். அத்தை தண்ணீர் ஊற்றினாள். விரலைத் தாண்டி முழங்கைவரை வழிந்தது. மிச்சத்தை அப்பாவின் உதட்டில் சாய்த்தாள். உதடு பிரியவில்லை. தண்ணீர் கடைவாய் ஓரமாக இறங்கி, காதுமடலை நனைத்து, பாயில் ஊறியது. மறுபடி ஊற்றச் சொன்னாள். மறுபடியும் அப்படித்தான்.

"போதும்டி. சாஸ்திரத்துக்கு விட்டாச்சுல்ல."

"உள்ள போகல அத்தை."

"செத்தவர் எப்படிடி குடிப்பாரு?"

"நேரமாச்சுக்கா," என்றான் தம்பி.

ஆண்கள் கடற்கரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ருக்மணி தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு சொம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஓட்டைச் சொம்பை வீட்டில் வைத்து என்ன செய்வது?

"தீட்டோட வந்திருக்கியேம்மா," என்றார் ராமசந்திரன் மெதுவாக.

"இதென்ன கோயிலா மிஸ்யே?"

ரெஜிஸ் மறுபடி மல்லாந்து படுத்தான். திருகு கிறீச்சிட்டு ஏறியது. அவன் எழுந்ததும் அட்டையைப் படிக்கச் சொன்னாள்.

"பித்தளைச் சொம்பு. இந்தியாவிலிருந்து வந்தது. திருவேங்கடம் குடும்பத்தின் அன்பளிப்பு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இடுப்பு மறுபடி வலித்தது. மேசையில் அவள் கட்டைவிரலின் ஈரம் வட்டமாகப் பதிந்திருந்தது. வழக்கமாகத் துடைக்கும் துணியை எடுத்து அதைத் துடைத்தாள். பிறகு சொம்பின் வாயைத் துடைத்தாள்.

அப்பாவுக்கு ஒரு வாய்த் தண்ணீர் பாக்கி.