ரத்தச் சான்றிதழ்

"பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. ரத்தந்தான் எங்களுக்கு யோசனையா கீது" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா வேம்புலியம்மாள், தட்டிலிருந்த கேசரியைத் தொடாமலே.

மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்க்க வந்த பெண் கஸ்தூரியை விட்டுவிட்டு அவள் அம்மா தாயம்மாவைப் பார்த்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது மார்பைப் புற்றுக் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். இறந்துபோன கணவனின் அண்ணன் அய்யாசாமி அன்றே குடும்பத்தைக் கூட்டித் தீர்மானம் போட்டு, கர்ப்பப்பை ஆபரேஷன் என்று பட்டாபிராம் முழுக்கச் சொல்லி வைத்தார். கர்ப்பப்பை என்றால் கௌரவம் கெடாது என்பது அவர் கணக்கு. அவ்வளவு பேரிடம் அவ்வளவு அக்கறையாகச் சொல்லப்பட்ட பொய் மாப்பிள்ளை ஊரான நெமிலிச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, மார்புதான் என்ற உண்மையாகிவிட்டிருந்தது.

அய்யாசாமி தொண்டையைச் செருமினார். ராணுவ டிப்போவில் சாக்கு மூட்டைகளுக்குக் காவல் இருந்து ஓய்வு பெற்றவர். பேச ஆரம்பித்தால் மட்டும் எல்லையிலிருந்து நேராக இறங்கி வந்தவர் போலிருக்கும்.

"ரத்தத்தப் பத்திக் கவலயே வாணாம். டெஸ்ட் பண்ணி சீல் வெச்சிக் குடுத்த சர்டிபிகேட்டே கீது" என்று பீரோவைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

தாயம்மா வேலை செய்த பட்டறைக்கு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் வந்து, அங்கே வேலை செய்த பெண்களிடம் ரத்தம் எடுத்துப் போய், போன மாதம் தாயம்மாவுக்குக் கொடுத்த காகிதம் அது. முழுக்க இங்கிலீஷ். அய்யாசாமி அதில் சீல் ஒன்றை மட்டும் படித்திருந்தார். சீல் உள்ள காகிதம் வைத்திருப்பவனுக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்பது அவருடைய முப்பது வருஷ அனுபவம்.

ஐடிஐ முடித்த மாப்பிள்ளை தங்கவேல் எழுத்துக்கூட்டிப் படித்தான். குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இருந்ததில்லை என்று போட்டிருப்பதாகச் சொன்னான். வேம்புலியம்மாளின் முகம் தெளிந்தது. முதல் வாய் கேசரி உள்ளே போயிற்று.

"கீழ இன்னாமோ நம்பருங்க கீது" என்றான் தங்கவேல்.

"அது சீரியல் நம்பர் தம்பி" என்றார் அய்யாசாமி.

தாயம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை வீங்கியே கிடந்தது. கொஞ்ச நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தாலே உடம்பு கெஞ்சியது. பன்னிரண்டு வருஷம் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனவள். பழைய டிரான்ஸ்பார்மர்களைப் பிரித்துச் செம்புக் கம்பியை எடுக்கும் பட்டறை. கம்பிச் சுருளைத் தொட்டியில் அலசுவது பெண்கள் வேலை. முழங்கை வரைக்கும் பழைய எண்ணெய். அந்த எண்ணெய் முட்டிவலிக்குக் கைகண்ட மருந்து என்று தெருவே நம்பியது. வாரம் ஒரு பாட்டில் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தவளும் அவள்தான். அவள் படுத்ததும் முதலாளி பெரிய மனசு பண்ணி அந்த இடத்தைக் கஸ்தூரிக்குக் கொடுத்தார். அய்யாசாமி போய் அவருக்குச் சால்வை போர்த்தினார்.

"அப்ப ஆனி மாசம் வெச்சிக்கலாம்" என்றாள் வேம்புலியம்மாள். "பொண்ணு வேலைய மட்டும் உட்றக்கூடாது. எங்க ஊர்லேந்தும் ரயிலு கீது."

"அது சீரியல் நம்பர் இல்ல அண்ணி" என்றாள் தாயம்மா.

அய்யாசாமி கண்ணைக் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

"தொட்டி எண்ணையில கீற கெமிக்கலு என் ரத்தத்துல எவ்ளோ எறங்கிகீதுன்னு போட்டுகீறாங்க. நோவு அதாலதான் வந்துச்சின்னு அந்த டாக்டரம்மா சத்தியம் பண்ணல. ஆனா உள்ள போனது சுளுவுல வெளிய வராது, கொழுப்புல போயி ஒக்காந்துக்கும், சேரச் சேர ஆபத்துன்னு பயப்படுறோம்னு சொன்னாங்க. எங்கம்மா குடுத்த ரத்தம் நல்லாத்தான் இருந்திச்சி. கஸ்தூரி நாளையிலேந்து வேலைக்குப் போவ மாட்டா."

முதலாளி முகத்தில் எப்படி முழிப்பது என்று அய்யாசாமி பொரிந்து தள்ளினார். வேம்புலியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு மிகவும் தாராளமாக, "ரத்தம் எப்டியோ இருந்துட்டுப் போவட்டும் தாயம்மா, நாங்க அதெல்லாம் பாக்கல. வேல இருந்தா போதும்" என்றாள். கால் மணி நேரத்துக்கு முன் கெட்டுப்போயிருந்த ரத்தம் அத்தனை சீக்கிரம் தேறிவிட்டது.

"எனக்கு ரத்தந்தான் முக்கியம் அண்ணி."

அவர்கள் எழுந்து போனார்கள். பின்னாலேயே சமாதானம் பேசிக்கொண்டு அய்யாசாமியும் போனார். கஸ்தூரி தட்டுகளை அடுக்கினாள். யாரும் அவளை எதுவும் கேட்டிருக்கவில்லை. அடுக்கி முடித்த பிறகு, "போன மாசமே சொல்லியிருக்கலாம்லமா?" என்றாள்.

தெரிந்தும், ஊர் வாய்க்குப் பயந்து தாயம்மா ஒரு மாதம் மகளைத் தொட்டிக்கு அனுப்பியிருந்தாள்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போக மின்சார ரயில் ஏறினாள். பெண்கள் பெட்டியில் வேம்புலியம்மாளின் கடைசி மகள் பொன்னி உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயது. மடியில் புது லஞ்ச் பை.

எங்கே போகிறாய் என்று தாயம்மா கேட்டாள்.

"அம்பத்தூருக்குத்தான் அத்தே. கஸ்தூரி அக்கா எடம் காலியா கீதுன்னு உங்கூட்டுப் பெரியவருதான் கூட்டிகினு போயி சேத்து உட்டாரு. இன்னிக்கி மொத நாளு."

உட்கார இடமில்லை. தாயம்மா வீங்கிய கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி ஆவடியைத் தாண்டியது. இன்னொரு வீட்டோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பில்லை. சும்மா இருந்தால் அந்தப் பெண் அம்பத்தூரில் இறங்கிப் போய்விடுவாள்.

"கொஞ்சம் நவுந்து ஒக்காருமே" என்று இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு மார எடுத்துட்டாங்க. தெரியுமா?"

பொன்னி பதறிப் போய், மெதுவாகப் பேசுங்கள் என்று கையமர்த்தினாள். எதிரே பூக் கட்டிக்கொண்டிருந்தவளின் விரல்கள் நின்றன. நாலைந்து தலைகள் திரும்பின.

"எல்லாம் நம்ம பொம்பளைங்கதான், கேக்கட்டும்" என்று தாயம்மா குரலைத் தணிக்காமல் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.